‘லோர்ட்’ என்று தொடங்கும் சுவாமிப் பாட்டு

போன மாதம் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்று வந்த மலர்ச்சாலையில் இப்போது கணினிப் பகுதியைப் பார்ப்பவள். சென்னையிலிருந்து படிக்க வந்து, மொன்றியலிலேயே வேலை எடுத்துக்கொண்ட பெண். மலர்ச்சாலை என்று நான் முதலில் சொன்னபோது பூக்கடையைச் சொல்கிறேன் என்று நினைத்தவள் அவள். இறந்தவரின் உடலை ஆயத்தம் செய்து, உறவினர் பார்வைக்கு வைத்து, கோயிலுக்கும், சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்துக்கும் அனுப்பிவைக்கும் இடத்தை இலங்கைத் தமிழர் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“மேடம், ஒரு சின்ன விஷயம். புது ஓனர்ஸ் எல்லா ஹாலுக்கும் ஒரே மியூசிக் போடச் சொல்றாங்க. பியானோ, மழைச் சத்தம், அருவிச் சத்தம், அந்த மாதிரி. பழைய பாட்டெல்லாம் சிஸ்டத்துல இருந்து எடுத்துடணுமாம். பாத்தா அதுல பாதிக்கு மேல கன்ட்ரி பாட்டுதான். யாரு மேடம் இதெல்லாம் கேட்டாங்க?”

“எல்லாரும் கேட்டவை.”

“நம்ம ஆளுங்களுமா?”

“எங்கடை ஆக்கள்தான் கூடுதலாக் கேட்டவை. அதை எடுக்காதேங்கோ பிள்ளை. ஏன் எடுக்கக்கூடாது எண்டு நான் எழுதித் தாறன். அவையளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.”

“தமிழ்லயா மேடம்?”

“முதல் தமிழிலை. கோவம் எனக்குத் தமிழிலைதான் ஒழுங்கா வரும். பேந்து மொழிபெயர்ப்பம்.”

சொன்னபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். மழைச் சத்தம் கேட்க விரும்புகிறவர்கள் மழையில் போய் நிற்கட்டும். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டுக் கேட்கத்தான் வருகிறார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை இழுக்கப் போவதில்லை. மன்னாரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடையில் தக்காளி தரம்பிரித்தேன். குளிர்காலத்தில் விரல் விறைத்துப்போய், தக்காளி எது, என் கை எது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். பிறகு மலர்ச்சாலையில் துப்புரவு வேலை. அங்கே சூடாக இருந்தது. எனக்கு அதுவே போதும். ஒருநாள் பிரெஞ்சு தெரியாத ஒரு தமிழ்க் குடும்பம் வந்து வரவேற்பறையில் தட்டுத்தடுமாறியது. தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் மொழிபெயர்த்தேன். பொறுப்பாளர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்னைப் படிக்க அனுப்பினார். படித்தேன், சோதனை எழுதினேன், உரிமம் கிடைத்தது.

எங்கள் சனத்துக்கு அது தாங்கவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சற்றுத் தள்ளி இருக்கத் தொடங்கினார்கள். ‘செத்தவீட்டு ரெஜினா’ என்று பட்டமும் வைத்தார்கள். என் கணவர் மட்டும், “உயிரோடை இருக்கிறவையோடை வேலை செய்யிறதைவிட இது கரைச்சல் குறைவு, போ” என்றார். பட்டம் வைத்த அதே ஆட்கள்தான் தங்கள் வீட்டில் ஒரு துக்கம் வந்தபோது முதலில் எனக்குப் போன் எடுத்தார்கள். நான் ஒருவரையும் குத்திக் காட்டவில்லை. ஆனால் யார் யார் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பொறுப்பாளரின் பெயர் கஸ்தோன். நாங்கள் முசியே கஸ்தோன் என்போம். பெருத்த உடம்பு, ஆனால் கம்பளத்தில் நடந்தால் பூனை. கைகளை முன்னால் கோத்தபடிதான் நிற்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாட்களில் நான் ரெஜினா. பிழை விட்டால் மதாம். “மதாம், தயவுசெய்து” என்று தொடங்கினாரென்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இசை என் கைக்கு வந்ததற்குக் காரணம், மற்றவர்கள் யாரும் அதை விரும்பவில்லை என்பதுதான். பெட்டியைத் தெரிவுசெய்வதும், உடலை ஆயத்தம் செய்வதும், ஊர்வலத்தை நடத்துவதும் பெரிய வேலைகள். பாட்டுப் போடுவது சின்ன வேலை. முசியே கஸ்தோன் அப்படி நினைக்கவில்லை.

முதல் கிழமையே அவரிடம் மதாம் ஆனேன். நகரின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்து, தகப்பனுக்குப் பிடித்த, அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கன்ட்ரி பாட்டைப் போடச்சொல்லிக் கேட்டது. வயலின் இழுபட, கிற்றார் சிணுங்க, ஒருவர் தன்னுடைய லொறியைப் பற்றிப் பாடினார். எங்கள் ஊரில் செத்தவீடென்றால் பிலாக்கணம், அல்லது சுவாமிப் பாட்டு. பிரேதத்துக்கு முன்னால் லொறியா என்று நான் முகத்தைச் சுளித்துவிட்டேன். குடும்பம் கவனிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, “மதாம், தயவுசெய்து” என்றார். “இங்கே நமக்கு ரசனை என்று ஒன்று கிடையாது. அதை மேலங்கியோடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.”

பிறகு முறையைக் காட்டித்தந்தார். குடும்பம் கேட்கும் பாட்டைத் தனியறையில், முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை கேட்கவேண்டும். நின்றுகொண்டு கேட்கவேண்டும். உட்கார்ந்தால் ரசிக்கத் தொடங்கிவிடுவோமாம். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்சநேரம் ஓடவிட வேண்டும். கைதட்டல் வரலாம், அறிவிப்பாளர் பற்பசை விளம்பரம் சொல்லலாம். ஒலியின் அளவை மண்டபத்தில் பெட்டியின் கால்மாட்டில் நின்று சரிபார்க்கவேண்டும். பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் ஒருவர் இரகசியம் சொன்னால் அது அவருக்குக் கேட்கவேண்டும், அதற்கு அடுத்தவருக்குக் கேட்கக்கூடாது. அதுதான் அளவு.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசியில் வரும். பாட்டில் என்ன இருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்லவேண்டும். தெரிந்த பாட்டுத்தானே என்று அவர்கள் சொன்னாலும் சொல்லவேண்டும். இதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். நான் வருவதற்கு முன்பு, வீதி விபத்தில் போன ஒரு இளைஞனுக்கு அவனுடைய நண்பர்கள் ஒரு கன்ட்ரி பாட்டைக் கொடுத்தார்களாம். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. முதலாம் சரணத்தில் வீதி, இரண்டாம் சரணத்தில் காதலி. யாரும் அதற்கு மேல் கேட்டுப் பார்க்கவில்லை. மூன்றாம் சரணத்தில் லொறி மலைச்சரிவில் உருண்டது. தாய் எழுந்து மண்டபத்தைவிட்டு வெளியே போனவர், மகனின் பெட்டி மூடும்போதும் உள்ளே வரவில்லை.

“கன்ட்ரி பாட்டில் மூன்றாம் சரணத்தை நம்பாதே ரெஜினா” என்பார். “ஆபத்தெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.”

எனக்கு அந்தப் பாட்டுகள் புதிதல்ல. மன்னாரில் கத்தோலிக்க வீடுகளில் வானொலியில் ஆங்கிலப் பாட்டு நேரத்தைத் தவறவிடமாட்டோம். கலியாணவீட்டில் கிற்றார் தெரிந்த ஒரு மாமா இருப்பார். அவருக்கு மூன்று விரல்பிடி தெரிந்தால் போதும், பத்துப் பாட்டு வந்துவிடும். பாடுகிறவர் அவசரப்படமாட்டார், சொல்லை விழுங்கமாட்டார். எங்களுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம். பாதி விளங்கும். மீதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம். இந்த நிரப்பிக்கொள்ளும் பழக்கம் என்ன வேலை பார்க்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மலர்ச்சாலையில் நின்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாட்டுகள் ஏன் சாகவில்லை என்று எனக்கு விளங்கியது. அவற்றில் வருகிற ஆளுக்கு ஒரு வேலை இருக்கும். லொறி ஓட்டுவான், சுரங்கத்தில் கிண்டுவான், பண்ணையில் மாடு பார்ப்பான். ஒரு வீடு இருக்கும், அதற்குப் போகிற வழி இருக்கும். எங்கே நோகிறது என்று நேரே சொல்லுவான். தன்னைப் பெரிய ஆள் என்று காட்டமாட்டான். பிழை தன்னுடையது என்றும் ஒத்துக்கொள்வான். தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி வருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவனும், இந்த நாட்டு மரம்வெட்டியும், ஐரிஷ்காரக் கிழவியும் ஒரே பாட்டைத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். பாடகரின் பெயரைத்தான் ஆளுக்கொரு விதமாக உச்சரித்தார்கள்.

ஒருமுறை, தையல் ஆலையில் வேலை செய்த ஒரு தாயின் இரண்டு ஆண்மக்கள் மண்டபத்தின் இரண்டு மூலையில் நின்றார்கள். கதைபேச்சு இல்லை. என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. அது என் வேலையுமல்ல. தாய்க்குப் பிடித்த பிரெஞ்சுக் கன்ட்ரி பாட்டைப் போட்டேன். பல்லவி வந்ததும் மூத்தவன் கீழ்க்குரலில் மெல்லப் பாடினான். இளையவன் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி மேற்குரலைப் பிடித்தான். சின்ன வயதில் தாய் பழக்கியிருக்கவேண்டும், இரண்டு குரலும் அவ்வளவு ஒட்டிப்போயின. பாட்டு முடிந்ததும் இருவரும் வேறு வேறு வாசலால் போனார்கள். சமாதானம் ஆகவில்லை. பாட்டு அதிசயம் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டு ஓடிய நேரம் மட்டும் அவர்கள் அண்ணன் தம்பியாக நின்றார்கள். அருவிச் சத்தத்துக்கு யாராவது மேற்குரல் பாடுவார்களா?

இனி பிலோமினா அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். நிவேதாவின் முதலாளிமார் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசிக்கவேண்டும்.

பிலோமினா அக்காவும் மன்னார்ப் பக்கம்தான். அவருடைய கணவர் ஞானப்பிரகாசத்தை நாங்கள் ஞானம் அண்ணை என்போம். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதிசெய்யும் பகுதியில் வேலை. சிரித்த முகம், கள்ளுச் சாராயம் தொடாத மனுசன் என்று கோயிலில் நல்ல பெயர். திடீரென்று நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அக்கா தன் மகள் சோனியாவோடு வந்தார். சோனியா புரோசார்டில் மருந்துக்கடையில் மருந்தாளர். அவர்களுக்கு ஒரே பிள்ளை.

பெட்டி, உடுப்பு, கையில் சுற்றவேண்டிய செபமாலை எல்லாம் பேசி முடிந்தது. பிறகு அக்கா கைப்பையிலிருந்து, முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றிய ஒரு ஒலிநாடாவை எடுத்து வைத்தார். அந்தக் காலத்துக் கசெற்.

“இது அவரின்ரை சுவாமிப் பாட்டு, தங்கச்சி. காலமை கண்ணாடிக்கு முன்னாலை சேவ் எடுக்கேக்கை ஒவ்வொரு நாளும் பாடுவார். நான் குசினி அடுப்படியிலை நிண்டு கும்பிடுவன். கோயிலிலை பெட்டி தூக்கேக்கை இதைத்தான் போடவேணும். நாளைக்கு ஃபாதரிட்டையும் ஒருக்காக் குடுத்துக் கேக்கச் சொல்லப் போறன்.”

“என்ன பாட்டு அக்கா?”

“இங்கிலிஷ் பாட்டு. எனக்கு வேறையொண்டும் விளங்காது. ஆனால் ஒவ்வொரு அடியிலையும் லோர்ட், லோர்ட் எண்டு ஆண்டவரைக் கூப்பிடுவார். எங்கடை வீட்டிலை செபமாலை சொல்ல வாற பொம்பிளையளும் இந்தப் பாட்டை அவரைப் பாடச் சொல்லிக் கேட்டவை. கண்ணை மூடிக்கொண்டு கேப்பினம்.”

சோனியா தரையைப் பார்த்தபடி இருந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

அவர்கள் போனதும் தனியறையில் கசெற்றைப் போட்டுக்கொண்டு நின்றேன். கிற்றார் தொடங்கியது. கனத்த குரல் ஒன்று “லோர்ட்” என்றது. அதற்கடுத்த சொல்லே விஸ்கி.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அது சாராயக்கடைப் பாட்டு. லொறிக்காரன் ஒருவன் கடை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஆண்டவரே, இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொல்லும் என்கிறான். மழையில் வீட்டுக்குப் போனானாம், மனைவியின் அலுமாரி வெறுமையாகக் கிடந்ததாம். ஆண்டவரே, நான் எவ்வளவு மடையன் என்கிறான். நாங்கள் கால் தடுக்கினால் ‘யேசுவே’ என்போமே, பால் பொங்கி வழிந்தால் ‘மாதாவே’ என்போமே, அந்த மாதிரி ஆண்டவர். செபம் இல்லை. வாய்ப்பழக்கம்.

சிரிப்பு வந்தது, மறைக்கமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்த செபமாலைப் பெண்களையும், அவர்களுக்கு நடுவில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு விஸ்கிப் பாட்டுப் பாடிய ஞானம் அண்ணையையும் நினைத்து நன்றாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. வரப்போகிற சனத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியும். அவர்களுக்கு முன்னால் பிலோமினா அக்கா புருசனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, விஸ்கி என்ற சொல்லுக்குக் கைகூப்பப் போகிறார். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். துக்கம் கேட்டு முடியமுன்னரே கதை டொராண்டோவுக்குப் போய்விடும். அந்த அக்கா மிச்சக் காலம் முழுக்க ஊர் சிரிக்கிற ஒரு பகிடியாக இருப்பார். அதற்கு முன்பே, கசெற்றைக் கேட்டுவிட்டு ஃபாதர் சிரித்தாலும் சிரிப்பார்.

தாயை வீட்டில் இறக்கிவிட்ட கையோடு சோனியா எனக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, கேட்டனீங்களோ?”

“கேட்டனான். உமக்குத் தெரியுமோ?”

“பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கையே தெரியும். அப்பாட்டைக் கேட்டனான். அவர் வாயிலை விரலை வைச்சுக் காட்டினவர், அவ்வளவுதான். அம்மாக்குச் சொல்லாதேங்கோ அக்கா, பிளீஸ். கசெற் சிக்கி அறுந்துபோச்சு எண்டு சொல்லுங்கோ. பழைய கசெற்தானே, நம்புவா.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருக்கும் நோகாது. முசியே கஸ்தோனிடம் போய்ச் சொன்னேன். கைகளைக் கோத்தபடி கேட்டார்.

“பாட்டு நல்ல பாட்டா?”

“நல்ல பாட்டு. ஆனால் அந்த மனைவிக்கு அது செபம். உண்மையைச் சொன்னால் இத்தனை வருசத்துக் காலைகளும் கெட்டுப்போகும்.”

“மூன்றாம் சரணம்?”

நான் அதுவரைக்கும் கேட்டிருக்கவில்லை. சிரிப்பில் நிறுத்திவிட்டேன். அவர் சொல்லாமலே திரும்பிப் போய், இந்த முறை நின்றபடி முழுவதையும் கேட்டேன். மூன்றாம் சரணத்தில் அவன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். வாசல் விளக்கைப் போடுகிறான். அவள் எந்த நேரம் வந்தாலும் வழி தெரியவேண்டும் என்று இரவும் பகலும் அதை அணைப்பதில்லை. அதோடு பாட்டு முடிகிறது.

வந்து சொன்னேன்.

“மதாம், தயவுசெய்து. கசெற் அறுந்தது என்று சொன்னால் அந்த அம்மா குழந்தையாகிவிடுவார். அவர் குழந்தை இல்லை, கணவனை இழந்தவர். என்ன போடுவது, என்ன போடாமல் விடுவது என்பதை அவர்தான் சொல்லவேண்டும். தெரிந்துகொண்டு சொல்லவேண்டும். நாளைக் காலையில், அந்தப் பாதிரியாரிடம் போவதற்கு முன்பு.”

மறுநாள் காலையில் அக்காவையும் சோனியாவையும் அழைத்து, குடும்ப அறையில் இருத்தி, தேநீர் கொடுத்தேன். சோனியா என்னைப் பார்த்த பார்வையில் நான் துரோகி. கசெற்றைக் கருவிக்குள் போட்டேன்.

“அக்கா, எங்கடை வழக்கம் ஒண்டு இருக்கு. பாட்டு என்ன சொல்லுது எண்டு வீட்டுக்காரருக்குச் சொல்லவேணும். நான் ஒவ்வொரு அடியாத் தமிழிலை சொல்லுறன்.”

“சொல்லு தங்கச்சி. எனக்கும் ஆசைதான்” என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பிரசங்கம் கேட்பவரைப் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு அடி ஓடவிட்டு நிறுத்தினேன். சொன்னேன். அடுத்த அடி. நிறுத்தினேன். சொன்னேன். விஸ்கியை விஸ்கி என்றே சொன்னேன். லோர்ட் என்ற சொல்லுக்கு வந்தபோது, இது நாங்கள் யேசுவே என்று சொல்வதுபோல என்று சொன்னேன். அக்காவின் முகம் மாறவில்லை. அலுமாரி வெறுமையாகக் கிடந்த இடத்தில் அவருடைய கை மட்டும் மடியிலிருந்து எழுந்து வாயைப் பொத்தியது. போதுமா என்று கேட்டேன். தொடர் என்று கையால் காட்டினார். மூன்றாம் சரணத்தையும் சொன்னேன். வாசல் விளக்கு, இரவும் பகலும், அணைப்பதில்லை.

கசெற் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

“பேந்து அந்தப் பொம்பிளை திரும்பி வந்தவளோ?” என்று கேட்டார்.

“பாட்டிலை அது இல்லை அக்கா.”

“நான் வந்தனான்” என்றார்.

சோனியா நிமிர்ந்து பார்த்தாள்.

“இஞ்சை வந்த புதிசிலை மனுசன் சரியான குடி, தங்கச்சி. ஒருத்தருக்கும் தெரியாது. நான் இவளைத் தூக்கிக்கொண்டு டொராண்டோவிலை அக்கா வீட்டுக்குப் போயிட்டன். போன் எடுப்பார், நான் கதைக்கமாட்டன். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கைதான்.”

“அது லீவுக்குப் போனது எண்டெல்லோ சொன்னனீங்கள்?” என்றாள் சோனியா. குரல் சிறுபிள்ளையின் குரலாக இருந்தது.

“உனக்கு அப்பிடித்தான் சொன்னது.” அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “பேந்து ஒருநாள் மனம் கேக்காமல் பஸ் ஏறி வந்தம். வந்து இறங்கேக்கை பட்டப்பகல். வாசல் லைற் எரிஞ்சுகொண்டு நிண்டது. எனக்குப் பத்தியெரிஞ்சுது. லைற்றை நிப்பாட்டவும் தெரியாத மனுசன் எண்டு, வந்ததும் வராததுமாக அதுக்குத்தான் ஏசினனான். அவர் போய் லைற்றை நிப்பாட்டினவர். அடுத்தநாள் காலமை சேவ் எடுக்கேக்கை இந்தப் பாட்டைப் பாடினவர். அதுக்குப் பிறகு சாராயம் தொட்டதில்லை. நானும் அதாலைதான் சுவாமிப் பாட்டெண்டு நினைச்சன்.”

பிறகு அழுதார். அழுகைக்கு நடுவில், “கள்ளன். ஒரு நாளாவது சொன்னவரே?” என்று சிரித்தார். திரும்பவும் அழுதார். நான் அந்த வேலையில் கண்ணீர் விட்டது குறைவு. அன்றைக்கு விட்டேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா தெளிவாகச் சொன்னார். “ஃபாதரிட்டைக் குடுக்கவேண்டாம். கோயிலுக்குக் கோயில் பாட்டுகள் இருக்கு. இதை இஞ்சை போடு, உங்கடை மண்டபத்திலை. பெட்டி மூட முதல். முழுக்கப் போடு.”

“அம்மா, சனம் சிரிக்கும்” என்றாள் சோனியா.

“சிரிக்கட்டும்.”

அடக்கத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. செபமாலைப் பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலையில் வந்திருந்தார்கள். டொராண்டோவிலிருந்து ஞானம் அண்ணையின் தங்கை வந்திருந்தார். வங்கியில் வேலை, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. செபங்கள் முடிந்தன. முசியே கஸ்தோன் கதவருகில் நின்று எனக்குத் தலையசைத்தார். நான் பாட்டைப் போட்டேன்.

“லோர்ட்” என்று அந்தக் கனத்த குரல் தொடங்கியது. செபமாலைப் பெண்கள் கண்ணை மூடினார்கள். பின்வரிசையில் வேலைத்தலத்து நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். இளம் பிள்ளைகள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள் குலுங்கியது. எனக்குக் காது சூடேறியது. பிலோமினா அக்கா பெட்டியின் ஓரத்தில் ஒரு கையை வைத்தபடி நிமிர்ந்து நின்றார். மற்றக் கையால், வழக்கம்போல, நெற்றியில் தொடங்கிச் சிலுவை அடையாளம் போட்டார். சோனியா போய்த் தாய்க்குப் பக்கத்தில் நின்று தானும் போட்டாள்.

ஞானம் அண்ணையின் தங்கைக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து அக்காவின் காதருகில் குனிந்தார். பதற்றத்தில் இரகசியம் சத்தமாகவே வந்தது. “மச்சாள், இது சுவாமிப் பாட்டில்லை. சாராயக்கடைப் பாட்டு. நிப்பாட்டச் சொல்லுங்கோ, மரியாதை போகுது.”

அக்கா திரும்பினார். மண்டபம் முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தெரியும். சாராயக்கடைப் பாட்டுத்தான். அதிலை விட்டிட்டுப் போறவள் நான். திரும்பி வந்தவளும் நான். இன்னும் ஒரு சரணம் இருக்கு, பேசாமல் நிண்டு கேள்.”

அதன் பிறகு ஒருவரும் இருமவில்லை. மூன்றாம் சரணம் முடியும்வரை எல்லோரும் நின்று கேட்டார்கள். பிறகு பெட்டியை மூடினோம்.